புதுக்கோட்டையில் கண்ட பச்சை வளையம்

புதுக்கோட்டை என்ற பெயரைக் கேட்டதும் சித்தன்னவாசலின் தாமரைக் குளத்து ஓவியமும், குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும், திருமயத்துக் கோட்டையும் பலர் நினைவுக்கு வரும். அவ்வூரின் பெயர் வானநூல் வரலாற்றிலும் இடம் பெற்றுள்ளது என்பதை அறிந்தவர் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய விஞ்ஞான ஏடுகளில், ‘பூடோகோட்டா’ எனச் சற்று உருச்சிதைந்த நிலையில் அப்பெயர் காணப்படுகிறது. 1871-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் காலையில் அங்குத் தோன்றிய முழுச் சூரிய கிரகணமே அதற்குக் காரணம். ஏறத்தாழ இரண்டு நிமிடமே நீடித்த அக்காட்சியில், இத்தாலிய அறிஞர் ஒருவர் கதிரவனைச் சூழ்ந்த ஒரு பச்சை வளையத்தைக் கண்டார். அது எப்பொருளின் ஒளி என்னும் வினாவுக்கு விடை கிடைக்க எழுபது ஆண்டுகள் ஆயின. அவ்விடையிலிருந்து எழுந்த மற்றொரு வினாவோ இன்றும் முற்றத் தீர்ந்தபாடில்லை.

சூரிய கிரகணம் என்பது நிழலின் விளையாட்டு. பூமியைச் சுற்றிவரும் சந்திரன், அமாவாசை நாளில் பூமிக்கும் கதிரவனுக்கும் இடையே வருகிறது. சந்திரனின் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான அமாவாசைகளில் அதன் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும். அவ்வாறு தப்பாமல் பூமியின்மேல் விழும் நாளே கிரகண நாள். இவ்வுண்மையை ஆரியபட்டர் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதிவைத்தார். எனினும் ராகு கதிரவனை விழுங்குகிறான் என்னும் கதை மக்களிடையே நெடுங்காலம் வாழ்ந்தது. கிரகண வேளையில் உலக்கையைத் தாம்பாளத்தில் நிறுத்தி வைத்து, அது விழாமல் நிற்கும் வரை கிரகணம் நீங்கவில்லை என்று கூறும் வழக்கத்தைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் காணலாம். அடிப்பகுதி தட்டையான உலக்கை எந்நாளும் நிற்கும் என்பதைக் கிரகணமில்லாத நாளில் சோதித்துப் பார்ப்பவர் அரியர்!

ஆனால் கதையை நம்பிய அதே நாட்டில் கணக்கும் வாழ்ந்தது என்பதை மறத்தலாகாது. 1825-இல் சென்னையில் வெளிவந்த ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில், ஜான் வாரன் என்பவர் தாம் புதுச்சேரியில் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அவர் எழுதுகோலைத் தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். அவர் கூறிய தொடக்க நேரம் நான்கு நிமிட அளவே பிழைத்தது. முடிவு நேரம் அதைவிட மிகுதியாகவே பிழைத்தது. ஆயினும் ஒரு பிடி சோழியால் வானத்தை இவ்வளவு அணுகியது வியப்புக்கு உரியதே.

கதிரவனின் விட்டம் சந்திரனின் விட்டத்தைப் போல ஏறத்தாழ நானூறு மடங்கு. அது சந்திரனைவிட ஏறத்தாழ நானூறு மடங்கு தொலைவிலும் உள்ளது. ஆகவே இரண்டும் வானில் ஒரே அளவினவாகத் தோன்றுகின்றன. இஃது ஓர் இயற்கைத் தற்செயலே. இதற்கு மேற்பட்ட காரணம் யாதும் இல்லை. ஆனால் இத்தற்செயல் இல்லையேல் மனிதன் கதிரவனைப் பற்றி அறிந்தவற்றுள் பல, மிகப் பிந்தியே தெரிய வந்திருக்கும். சந்திரன் கதிரவனின் ஒளிவட்டைச் சரியாக மூடும்போது, பகல் திடீரென்று மங்குகிறது, விண்மீன்கள் தோன்றுகின்றன, பறவைகள் கூடு திரும்புகின்றன. கரிய வட்டைச் சுற்றி, முத்தின் நிறத்தில் ஒரு மெல்லிய ஒளி நாற்புறமும் விரிகிறது. அதனையே ஒளிமகுடம் என்பர். அது எந்நாளும் அங்கே இருப்பதுதான். ஆனால் கதிரவனின் வட்டு அதனைவிட ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு பேரொளி உடையது. நண்பகலில் ஏற்றிய அகல்விளக்கைப் போல ஒளிமகுடம் அப்பேரொளியில் மறைந்துவிடுகிறது.

முழுக் கிரகணம் ஒரே ஊரில் அடிக்கடி வருவதன்று. சராசரியாகக் கணக்கிட்டால், ஓர் ஊருக்கு முந்நூற்றெழுபது ஆண்டுக்கு ஒரு முறை அது வாய்க்கும். வந்தாலும் சில நிமிடங்களில் நிழல் கடந்துவிடும். அச்சில நிமிடங்களில் ஒரு முகில் குறுக்கிட்டாலும் அத்தனை முயற்சியும் வீணே. இதனை உணர்ந்தாலன்றி, அக்கால அறிஞர்கள் கடல் கடந்து அலைந்ததன் பொருள் விளங்காது.

1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் இந்தியாவில் ஒரு முழுக் கிரகணம் தோன்றியது. அதனைக் குண்டூரிலிருந்து நோக்கிய பிரெஞ்சு அறிஞர் ஜான்சன், கதிரவனின் விளிம்பில் எழும் செந்நிறத் தீநாக்குகளை நிறமாலைகாட்டியின் வழியே ஆராய்ந்தார். அவை ஒளிரும் வாயுவே என்பதும், அவ்வாயுவில் ஹைட்ரஜன் நிறைந்துள்ளது என்பதும் தெளிவாயின. அதே ஆண்டில் இங்கிலாந்தில் இருந்த லாக்கியரும், கிரகணமின்றியே அத்தீநாக்குகளைக் காணும் வழியைத் தனியே கண்டுபிடித்தார். ஆகவே தீநாக்குகள் பற்றிய ஐயம் நீங்கியது. எஞ்சி நின்றது ஒளிமகுடம். அது கதிரவனுக்கு உரியதா? அல்லது சந்திரனைச் சூழ்ந்த ஏதோ ஆவியா? அல்லது பூமியின் காற்று மண்டலத்தில் ஒளி சிதறுவதால் உண்டாகும் வெறுந்தோற்றமா? பெரிய அறிஞர்களே இதில் கருத்து வேறுபட்டனர்.

இதற்கு விடை காண 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் வந்த கிரகணத்தை அவர்கள் பெரிதும் எதிர்நோக்கினர். அந்நாளில் பாரிஸ் நகரம் பிரஷ்யப் படைகளால் முற்றுகையிடப்பட்டிருந்தது. நகரினுள் அகப்பட்டிருந்த ஜான்சன், தம் கருவிகளுடன் ஒரு வாயுக்கூண்டில் ஏறிப் பகைவரின் தலைக்கு மேலே பறந்து தப்பினார். பின்னர் அல்ஜீரியாவின் ஒரான் நகரை அடைந்தார். கிரகண நாளன்று வானை முகில் மூடியது. அவர் ஒன்றும் கண்டிலர். சிசிலித் தீவுக்குச் சென்ற லாக்கியரின் குழுவினருக்கோ, சென்ற கப்பலே பாறையில் மோதிச் சிதைந்தது. உயிர் பிழைத்துக் கரையேறிய அவரும் முகிலிடையே ஒளிமகுடத்தை ஓரிரு கணமே காண முடிந்தது. முற்றுகையையும் கடலையும் வென்றவர்களை முகில் வென்றது.

அடுத்த வாய்ப்பு ஓராண்டுக்குள் தென்னிந்தியாவுக்கு வந்தது. 1871 டிசம்பர் 12-ஆம் நாள், சந்திரனின் நிழல் மலையாளக் கரையில் ஏறி, நீலகிரியையும் கொங்கு நாட்டையும் கடந்து, புதுக்கோட்டை வழியாகக் கடலுள் இறங்கி, இலங்கையின் வடபகுதியைத் தொட்டுச் செல்லும் என்று கணக்குக் காட்டிற்று. கார்த்திகைத் திங்கள் முடியும் தறுவாய் அது. வடகிழக்குப் பருவமழை ஓயாத காலம். எனவே அறிஞர்கள் ஒரே இடத்தில் கூடாமல், நிழலின் பாதை நெடுகப் பிரிந்து நின்றனர். ஓரிடத்தில் மழை பெய்தால் மற்றோரிடத்திலாவது வானம் தெளிந்திருக்கும் அன்றோ? லாக்கியர் மலையாளக் கரையிலுள்ள பேக்கல் கோட்டையில் தங்கினார். ஜான்சன் நீலகிரியில் சோலூரைத் தேர்ந்தார். நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரத்தில் ஒரு குழுவும், சென்னை வான ஆராய்ச்சி நிலையத் தலைவர் போக்சன் தலைமையில் அவிநாசியில் ஒரு குழுவும் நின்றன. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சிலர் கருவிகளுடன் காத்திருந்தனர்.

புதுக்கோட்டைக்கு வந்தவருள் முதன்மையானவர் லொரென்சோ ரெஸ்பிகி. ரோம் நகரின் காம்பிதோல்யோ வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் அவர். அவருடன் ஹென்றி ஹாலிடே என்னும் ஆங்கில ஓவியரும் வந்தார். ஒளிமகுடத்தின் உருவத்தைக் கண்ணால் கண்டவாறே வரைந்து காட்டுவது ஹாலிடேயின் பணி. ஒளிப்படக்கலை அந்நாளில் இளமைப் பருவத்தில் இருந்தமையால், ஓவியரின் கைக்கு அத்துணை மதிப்பு இருந்தது.

அந்நாளில் புதுக்கோட்டை, இராமச்சந்திரத் தொண்டைமான் ஆட்சியில் இருந்த ஒரு சமஸ்தானம். அவ்வூருக்கு இருப்புப்பாதை அப்போது கிடையாது. எளிதில் உடையும் கண்ணாடிகளையும், இம்மியளவும் பிசகக் கூடாத கருவிகளையும் அத்தகைய சாலைகளின் வழியே கொண்டு சேர்ப்பது எளிதன்று. ஆயினும் குறித்த நாளில் கருவிகள் நிறுவப்பட்டு ஆயத்தமாயின.

ரெஸ்பிகி கையாண்ட முறையை விளங்கிக் கொள்வதற்கு, ஒளியைப் பற்றிச் சிறிது தெரிந்திருத்தல் வேண்டும். அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் தீக்கொழுந்து மஞ்சள் நிறம் பெறும். உப்பிலுள்ள சோடியம் என்னும் தனிமத்தின் நிறம் அது. இவ்வாறே ஒவ்வொரு தனிமமும் வாயுநிலையில் ஒளிரும்போது தனக்கே உரிய சில நிறங்களை மட்டும் வெளியிடும். முப்பட்டைக் கண்ணாடியின் வழியே அவ்வொளியைப் பிரித்துப் பார்த்தால், அந்நிறங்கள் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். மக்களைக் கைரேகையால் அறிவதுபோலத் தனிமங்களை இக்கோடுகளால் அறியலாம். கிர்க்காப், புன்சன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் இம்முறையை நிலைநாட்டி அப்போது பன்னிரண்டு ஆண்டுகள்கூட முற்றுப் பெறவில்லை. திண்பொருளோ நீர்ப்பொருளோ பழுக்கக் காய்ந்து ஒளிர்ந்தால், கோடுகள் தோன்றா. வானவில் போன்ற தொடர்ச்சியான நிறப்பட்டையே தோன்றும்.

வழக்கமான நிறமாலைகாட்டியில் ஒளி ஒரு மெல்லிய பிளவின் வழியாக உட்புகும். கோடாகத் தெரிவது உண்மையில் அப்பிளவின் உருவமே. ரெஸ்பிகி அப்பிளவை நீக்கிவிட்டுத் தொலைநோக்காடியின் முன் ஒரு முப்பட்டைக் கண்ணாடியைப் பொருத்தினார். பிளவு இல்லாதபோது, ஒளிரும் பொருளே ஒவ்வொரு நிறத்திலும் தன் முழு உருவத்தைக் காட்டும். ஒளிமகுடம் எல்லா நிறங்களையும் தொடர்ச்சியாக வீசுமாயின், எண்ணற்ற உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிய நிறப்பட்டையாகும். அது ஒளிரும் வாயுவாயின், அவ்வாயுவுக்குரிய சில நிறங்களில் மட்டும் தெளிந்த வளையங்கள் தோன்றும். இடைநடுவில் எவ்வகை மழுப்பலுக்கும் இடமில்லை. வினாவை இவ்வளவு நேராக வானத்தின்முன் வைத்த முறை மிக அழகியது.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது கிரகணம் முற்றியது. வானம் ரெஸ்பிகியைக் கைவிடவில்லை. கதிரவனின் வட்டு முழுதும் மறைந்த கணத்தில், விளிம்பிலுள்ள மெல்லிய நிறமண்டலமும் தீநாக்குகளும் பல நிறங்களில் பிறைப் பிறையாக அவர் கண்முன் மின்னின. அவை தேய்ந்ததும் மூன்று வளையங்கள் வெளிப்பட்டன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். அவற்றுள் பச்சை வளையமே மிகவும் ஒளி உடையதாகவும், சீரான வடிவினதாகவும் இருந்தது. ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழிந்ததும், சந்திரனின் மறுவிளிம்பில் கதிரவனின் முதற்கீற்று பளிச்சிட்டது, வளையங்கள் மறைந்தன. நிழல் கிழக்கே கடல்மேல் ஓடிற்று.

பேக்கலில் இருந்த லாக்கியரும் அதே காலையில் பிளவில்லாத கருவியின் வழியே நான்கு வளையங்களைக் கண்டார். பல நூறு கிலோமீட்டர் இடைவெளியில் நின்ற இருவர், ஒருவரை ஒருவர் பாராமலே, ஒத்த காட்சியைக் கண்டனர் என்பதுதான் இதன் வலிமை. காற்று மண்டலத்தின் மாயத்தோற்றமாயின் ஊருக்கு ஊர் அது மாறியிருக்கும். சோலூரில் ஜான்சனோ, ஒளிமகுடத்தின் நிறமாலையில் கதிரவனின் ஒளிக்கே உரிய கருங்கோடுகளையும் கண்டார். அங்கே வாயுவின் ஒளியோடு, துகள்களால் சிதறுண்ட கதிரவன் ஒளியும் கலந்துள்ளது என்பது இதனால் வெளிப்பட்டது. ஒளிமகுடம் கதிரவனைச் சார்ந்ததே என்பது இவற்றுக்குப்பின் பெரும்பாலோர் ஒப்பிய உண்மையாயிற்று. முந்தைய ஆண்டு முகிலால் ஏமாற்றம் அடைந்த ஜான்சனும் லாக்கியரும் தென்னாட்டு வானத்தின்கீழ் தம் வினாவுக்கு விடை பெற்றனர்.

ஆனால் பச்சை வளையம் புதிய வினாவாக நின்றது. சிவப்பும் நீலமும் ஹைட்ரஜனின் நிறங்கள். அறிஞர்களுக்கு நன்கு பழகியவை. பச்சை எதனுடையது? அமெரிக்காவில் 1869-இல் வந்த கிரகணத்தின்போதே யங், ஹார்க்னஸ் என்பார் அந்நிறத்தை ஒரு கோடாகக் கண்டிருந்தனர். அது பூமியில் அறியப்பட்ட எத்தனிமத்தின் நிறத்தோடும் சரியாகப் பொருந்தவில்லை. ஆகவே கதிரவனில் மட்டுமே உள்ள ஒரு புதுத் தனிமம் அது என்று கொண்டு, அதற்குக் ‘கொரோனியம்’ என்று பெயரும் சூட்டினர். அவ்வாறு எண்ணியதில் தவறில்லை. 1868-ஆம் ஆண்டுக் கிரகணத்தை ஒட்டி அறியப்பட்ட ஒரு மஞ்சள் கோட்டை வைத்துக் கதிரவனில் ஹீலியம் என்னும் புதுத் தனிமம் உண்டு என்று கூறியதும் இத்தகையதே. 1895-இல் இராம்சே என்பவர் அதனைப் பூமியிலேயே கண்டெடுத்தார். கொரோனியமும் ஒருநாள் அகப்படும் என்று பலர் காத்திருந்தனர். தனிமங்களை அட்டவணைப்படுத்திய பேரறிஞர் மெண்டலீவே, ஹைட்ரஜனைவிட இலேசான தனிமமாக அதற்கு ஓரிடம் ஒதுக்கிப் பார்த்தார்.

கொரோனியம் அகப்படவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தனிமங்களின் அட்டவணை நிரம்பியது. அதில் வெற்றிடம் குறைந்தது. பச்சைக் கோட்டுக்கு உரியவன் மட்டும் வரவில்லை. 1939-இல் ஜெர்மனியின் குரோத்ரியானும், அவரைத் தொடர்ந்து 1940-களின் தொடக்கத்தில் சுவீடனின் எட்லெனும் இப்புதிரை அவிழ்த்தனர். பச்சை ஒளியை வீசுவது புதுத் தனிமம் எதுவும் அன்று. உழுபடையிலும் அரிவாளிலும் உள்ள இரும்புதான் அது! ஆனால் அது பூமியில் ஒருவரும் காணாத நிலையிலுள்ள இரும்பு. இரும்பின் அணுவில் இருபத்தாறு எலக்ட்ரான்கள் உண்டு. அவற்றுள் பதின்மூன்றை இழந்து, பாதியாக நிற்கும் இரும்பணுவே அந்தப் பச்சை நிறத்தை வீசுகிறது.

ஓர் அணுவிலிருந்து பதின்மூன்று எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிய வேண்டுமானால், அங்குள்ள வெப்பம் பத்து லட்சம் பாகையையும் கடந்திருத்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கதிரவனின் மேற்பரப்பிலோ வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகையே. அடுப்பை விட்டு விலக விலக வெப்பம் குறைவதே உலக இயல்பு. இங்கோ அடுப்பருகே மிதமான சூடும், கூடத்தில் கொடுந்தழலும் இருப்பது போன்ற நிலை! இவ்வளவு வெப்பமுள்ள ஒளிமகுடம் கதிரவனின் வட்டைப் போல ஏன் ஒளிரவில்லை என்று கேட்கலாம். அது மிக மிக மெல்லியது. கம்பி மத்தாப்பிலிருந்து சிதறும் பொறி பழுக்கக் காய்ந்ததுதான். கைமேல் பட்டாலும் பெரிதும் சுடுவதில்லை. ஏனெனில் அதில் பொருள் அளவு சிறிது. ஒளிமகுடத்தின் நிலையும் அத்தகையதே. அவ்வெப்பம் எவ்வழியே மேலே ஏறுகிறது என்பதற்குக் கதிரவனின் காந்தப் புலமே காரணம் என்று அறிஞர் கருதுகின்றனர். அப்புலம் அலைகளாக அவ்வெப்பத்தைச் சேர்க்கின்றதா, சிறுசிறு வெடிப்புகளாகச் சேர்க்கின்றதா, இரண்டாலுமா என்பது இன்னும் வாதத்திலுள்ள செய்தி.

இஃது அறிவு வேட்கை ஒன்றுக்கு மட்டும் உரிய வினா அன்று. ஒளிமகுடத்திலிருந்து சில வேளைகளில் கோடிக்கணக்கான டன் எடையுள்ள வாயு பெயர்ந்து விண்வெளியில் பாய்கிறது. அது பூமியை நோக்கி வருமாயின் பூமியின் காந்தப் புலம் குலுங்கும். 1989 மார்ச்சுத் திங்களில் நேர்ந்த அத்தகைய புயலால், கனடாவின் கியூபெக் மாநிலம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருண்டது. செயற்கைக் கோள்களையும் மின்தொடர்களையும் நம்பி வாழும் காலத்தில், கதிரவனின் மகுடம் என்ன செய்கிறது என்பதை நாள்தோறும் அறிந்திருத்தல் தேவையாயிற்று. கிரகணத்துக்காகக் காத்திருந்தால் அது கைகூடாது.

அதற்கு வழி வகுத்தவர் பெர்னார்டு லியோ என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர் 1930-இல் பிரனீஸ் மலைமேல், தொலைநோக்காடியினுள்ளேயே ஒரு சிறு வட்டால் கதிரவனை மறைத்து, கிரகணமின்றியே ஒளிமகுடத்தைக் கண்டார். சந்திரன் செய்யும் வேலையை ஒரு தகடு செய்தது. ஆனால் பூமியின் காற்று ஒளியைச் சிதறச் செய்வதால், மலையுச்சியிலும் அக்காட்சி முழுமை பெறவில்லை. காற்றைக் கடந்து செல்வதே எஞ்சிய வழி.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ‘ஆதித்யா எல்-1’ என்னும் விண்கலம் ஏவப்பட்டது. 2024 ஜனவரி 6-ஆம் நாள் அது தனக்குரிய இடத்தைச் சென்றடைந்தது. பூமியிலிருந்து கதிரவனை நோக்கி ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், கதிரவனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் ஒருவகைச் சமன்பாட்டில் அமையும் இடம் அது. அங்கே பூமியோ சந்திரனோ குறுக்கே வாரா, இரவும் இல்லை, முகிலும் இல்லை. விண்கலத்திலுள்ள ஏழு கருவிகளுள் முதன்மையானது ஒளிமகுடத்தைக் காணும் கருவி. அதனை ஆக்கியது பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். கதிரவனின் வட்டை விலக்கி மகுடத்தின் ஒளியை மட்டும் பிரித்தெடுக்கும் அக்கருவி, ஆராய்வதற்கெனத் தேர்ந்த நிறங்களுள் ஒன்று, பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் பச்சை. புதுக்கோட்டையில் ரெஸ்பிகி இரண்டு நிமிடம் கண்டு வியந்த அதே பச்சை.

வேறோர் உறவும் இங்கே உண்டு. அந்நிறுவனம் திடீரென முளைத்ததன்று. சென்னையில் 1792-இல் கட்டிய வான ஆராய்ச்சி நிலையம், பின்னர்க் கோடைக்கானலுக்குப் பெயர்ந்து, அங்கிருந்து வளர்ந்ததே அது. 1871-இல் அவிநாசியில் முகாமிட்டுக் கதிரவனை நோக்கிக் காத்திருந்தவர்கள் அச்சென்னை நிலையத்தாரே. ஆதித்யாவின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜியோ செங்கோட்டையில் பிறந்தவர்.

நிழல் மீண்டும் அதே வழியில் வந்ததும் உண்டு. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் தோன்றிய கிரகணம், காசர்கோட்டுப் பகுதியில் ஏறி, நீலகிரி, கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் வழியாகப் புதுக்கோட்டையைக் கடந்து, இலங்கையின் வடபகுதிக்குச் சென்றது. 148 ஆண்டுகளுக்கு முன் ரெஸ்பிகி நின்ற ஊர், மறுபடியும் பாதையின் நடுவே அமைந்தது. காலை 8 மணிக்குச் சற்றுப் பின்னர்த் தொடங்கிய மறைவு, 9:30 மணியை ஒட்டி முற்றியது. ஆனால் இம்முறை மகுடம் தோன்றவில்லை. அன்று சந்திரன் பூமியிலிருந்து சற்றுத் தொலைவில் இருந்தது. பூமியோ ஜனவரித் தொடக்கத்தில் கதிரவனுக்கு மிக அருகே வருவதாகையால், கதிரவன் சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. சிறிய வட்டு பெரிய வட்டை முழுதும் மூட இயலவில்லை. விளிம்பில் எஞ்சிய கதிரவன், ஏறத்தாழ மூன்று நிமிடம் ஒரு பொன் வளையமாக நின்றது. இதனைக் கங்கண கிரகணம் என்பர். அம்மெல்லிய வளையத்தின் ஒளியே மகுடத்தை மறைக்கப் போதுமானது. கண்ணைக் கெடுக்கவும் போதுமானது. எனவே கங்கண கிரகணத்தை எக்கணத்திலும் வெறுங்கண்ணால் நோக்குதல் கூடாது. புகை படிந்த கண்ணாடியும், கிண்ணத்திலுள்ள மஞ்சள் நீரும் பாதுகாப்பு ஆகா. அதற்கென உள்ள வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். அது கிட்டாதபோது, ஓர் அட்டையில் ஊசித்துளை இட்டு, அதன் வழியே விழும் ஒளியை வெள்ளைத் தாளில் ஏந்திப் பார்க்கலாம். வேப்ப மரத்து நிழலும் அதற்கு உதவும். இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, கங்கண வேளையில் தரையெங்கும் சிறு வளையங்களைச் சிதறி வைக்கும்.

2031-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் மற்றொரு கங்கண கிரகணம் தென்னாட்டைக் கடக்கவிருக்கிறது. அதன் பாதை கொச்சியிலிருந்து தேனி, மதுரை, காரைக்குடி வழியாக வேதாரணியத்துக் கடற்கரைக்குச் செல்லும். காரைக்குடிக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கிடப்பது புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதி. அன்றும் பச்சை வளையம் கண்ணுக்குத் தோன்றாது. வானில் தெரிவது பொன் வளையமே ஆகும்.